செம்பு நிறச் சவுரி

1

எங்கள் வீட்டுக் குளியலறைத் தொட்டியில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்பு நிறத்தில் ஒரு கறை இருக்கிறது. சோடா உப்பு போட்டுத் தேய்த்தேன். வினிகர் ஊற்றித் தேய்த்தேன். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் தரை துடைக்கிற மருந்தைக் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தும் தேய்த்துப் பார்த்தேன். போவேனா என்கிறது. வாடகை வீடு. ஏஜெண்ட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து சுவர், தரை, தொட்டி என்று ஒன்று விடாமல் போட்டோ எடுத்துக்கொண்டு போவார். அவர் கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மூணாறுப் பக்கம் சின்னக்கானல் தேயிலைக் காட்டில் பிறந்தவளிடம் குளிரைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது? இங்கே காலில் அட்டை ஏறுவதில்லை, காலையில் கதவைத் திறந்தால் ஆனை நிற்பதில்லை, மற்றபடி அதே குளிர்தான். கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. இந்த முறை சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் செய்த ஒரு தப்பைப் பற்றி.

என் பெயர் மாரியம்மாள். இல்லத்தில் என்னை மேரி என்கிறார்கள். முதல் வருஷம் திருத்திப் பார்த்தேன். இரண்டாம் வருஷம் சட்டையில் குத்துகிற பெயர்ப் பட்டையிலேயே மேரி என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு ஒரே மகள், கீர்த்தனா. பதினேழு வயது. அவளுக்கு ஒன்றரை வயதாகும்போது அவள் அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனார். போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அவருக்கு இந்தக் குறிப்பில் இவ்வளவு இடம் போதும். கீர்த்திக்கு மூன்று வயதானபோது அவளை என் அக்காவிடம் விட்டுவிட்டு நான் குவைத்துக்குப் போனேன். அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்தேன். அவளுக்குப் பதினோரு வயதானபோதுதான் இங்கே அழைத்துக்கொள்ள முடிந்தது. நடுவில் எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் ஊருக்குப் போனது மூன்றே முறை.

அக்கா பேச்சியம்மாள் என்னைவிட ஏழு வயது மூத்தவள். கொளுந்து எடுக்கிறவள். அத்தான் செத்து வெகுகாலம் ஆயிற்று, பிள்ளை இல்லை. எஸ்டேட் லயத்தில் ஒரே ஒரு அறையும் அடுப்படியும் உள்ள வீட்டில் என் மகளை வைத்து வளர்த்தாள்.

2

போன வருஷம் மழைக்காலத்தில் அக்கா செத்துப்போனாள். காலையில் மஸ்டருக்குப் போய்ப் பேர் கொடுக்க நின்றவள் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். என் மேலாளரிடம் போய், என் அக்கா எக்ஸ்பயர் ஆகிவிட்டாள் என்றேன். நம் ஊரில் ஆஸ்பத்திரிகளில் அப்படித்தானே சொல்வோம். அந்த அம்மாள் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டா என்று கேட்டாள். அந்த மாதம் முழுக்க நான் பாஸ்போர்ட்டைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்ததால் வந்த வினை. இல்லை, அக்கா என்று திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. அது கையில் இருந்தாலும் போக முடியாது. விசா நீட்டிக்க மனு போட்டிருந்தோம். மனு முடிவாகும் முன் நாட்டை விட்டு வெளியே போனால் மனு ரத்து. என்னுடையது மட்டுமல்ல, கீர்த்தியுடையதும். ஆக, அக்காவை எடுத்ததைக் கைபேசியில் பார்த்தோம். பாடையும் மாலையும் கொட்டுமாகக் கிளம்பினார்கள். லயத்து வளைவு திரும்பினதும் சிக்னல் போய்விட்டது. கீர்த்தி அழவில்லை. உறைந்து நின்ற படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கேட்டுப் படிவம் நிரப்பினேன். இறந்தவர் என்ன உறவு என்று ஒரு கட்டம். ஆன்ட்டி என்று எழுதினேன். இவர்களுக்குப் பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி எல்லாம் ஒரே சொல். ஆன்ட்டிக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். கீர்த்தி அந்த ஒரு நாளையும் எடுக்காமல் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் லயத்துக்காரர்கள் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். கீர்த்தி பேர் எழுதியிருந்தது. அக்காவின் ஊதா நிறச் சேலை ஒன்று, தினத்தாளில் சுற்றிய ஒரு சவுரி. கீர்த்தி இரண்டையும் தன் பெட்டியில் வைத்து மூடினாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

3

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். கீர்த்தி வந்து அடுப்புப் பக்கம் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, நான் முடிக்கு கலர் பண்ணலாம்னு இருக்கேன்."

"ஒனக்கென்ன கிறுக்கா?" என்றேன். எதற்கும் முதலில் என் வாயிலிருந்து வருவது அதுதான்.

"செம்பு கலர். ஒடனே பண்ண மாட்டேன். மொதல்ல கிளிப் முடி வாங்கி வச்சுப் பாப்பேன். நல்லா இருந்தா மட்டுந்தான். இல்லன்னா விட்டுருவேன்."

கிளிப் முடி என்றால், கொத்துக் கொத்தாக முடி, தலைப்பில் சின்னச் சின்ன கிளிப். நம் முடிக்கு அடியில் மாட்டிக்கொண்டால் புது நிறம் நமக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் கழற்றிப் போடலாம். என் மகள் எதையும் யோசித்துத்தான் செய்வாள். அது யார் வளர்ப்பு என்று எனக்குத் தெரியும்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் என்னிடம் வந்து ஒன்று சொல்கிறாள். ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்; சாப்பாடு, பஸ், துணி துவைப்பது தவிர அவள் தானாக வந்து என்னிடம் பேசியதை விரல் விட்டு எண்ணலாம். பெரியம்மாவிடம் போனில் நீ, வா, போ என்று மணிக்கணக்காகச் சிரித்துப் பேசுவாள். என்னிடம் நீங்க, வாங்க. மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. எனக்கு அந்த மரியாதையைக் கண்டால் வயிறு எரியும்.

"சரி, வா. நானும் வாரேன்" என்றேன்.

பஸ் ஏறிப் பெரிய ஊருக்குப் போனோம். அங்கே ஒரு தெரு முழுக்க முடிக் கடைகள். கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கீர்த்தி மாட்டிப் பார்த்தாள், நான் பின்னால் நின்று பார்த்தேன். ஒன்று மஞ்சளடித்தது. ஒன்று சாணிப்பவுடர் கரைத்த மாதிரி இருந்தது. சும்மா இராமல் நானும் ஒரு சிவப்புக் கொத்தை எடுத்து என் கொண்டையில் மாட்டிக்கொண்டு, "எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டேன். கீர்த்தி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் நேரில் பார்த்ததில்லை.

ஒன்றும் வாங்கவில்லை. செயற்கை முடி பொம்மைத் தலை மாதிரிப் பளபளத்தது. அசல் முடி என்று விற்றது வழவழவென்று நேராகத் தொங்கியது. கீர்த்திக்கு அடர்த்தியான அலைமுடி. "என் முடியோட சேரவே மாட்டேங்குதும்மா" என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எங்கள் நிறுத்தம் வந்தது. நான் எழுப்பவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி அவளே விழித்தாள். மழையில் நடந்து வீட்டுக்கு வந்தோம், அதற்கும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்தத் தோள் பாரம் எனக்கு இன்னொரு தடவை வேண்டும் என்று இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பெற்ற தாய் மகளிடம் நல்ல பேர் வாங்க அலைகிறாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அலைந்தேன், உண்மைதான். அந்தச் செம்பு நிற முடியை எப்படியாவது அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்று நாலு நாள் அதே நினைப்பு.

4

சவுரி என்றால் என்னவென்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணும் சீப்பில் வந்த முடியை வெளியே எறிய மாட்டாள். விரலில் சுற்றி உருண்டையாக்கி, கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் செருகி வைப்பாள். வருஷக்கணக்கில் சேரும். ஒரு பை தேறினதும், பூப்பாறை போய், போடிமெட்டு வழியாகப் போடிக்கு இறங்குகிறபோது சவுரி கட்டுகிறவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், சிக்கெடுத்து, நீளம் பார்த்துப் பிரித்து, மூன்று கால், அதாவது மூன்று புரியாக வைத்து, தலைப்பில் நூல் சுற்றிக் கட்டித் தருவார்கள். அதைப் பின்னலோடு சேர்த்துப் பின்னினால் கட்டை முடிக்காரிக்கும் இடுப்புக்குக் கீழே சடை தொங்கும்.

அக்காவுக்குக் கட்டை முடி. அவள் சவுரி எப்போதும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போக, கோயில் கொடைக்குப் போக எடுத்து வைத்துக்கொள்வாள். நானும் கல்யாணத்துக்கு முன் எத்தனையோ தடவை கேட்காமல் எடுத்து வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். வந்து ஏச்சு வாங்குவேன். லயத்தில் சவுரியை யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி அவசரத்துக்கு வாங்கிக்கொண்டு போவாள், நாலு நாள் கழித்துத் திருப்பித் தருவாள். சீப்பு, சொம்பு, சவுரி எல்லாம் ஒரே வரிசைதான்.

எனவே புதன்கிழமை எனக்கு வேலை இல்லாத நாளில், கீர்த்தி கல்லூரிக்குப் போன பிறகு, அவள் பெட்டியைத் திறந்தேன். அக்கா சேலையை நான் தொடவில்லை. அதைப் பார்த்ததும் கை தானாக ஒதுங்கியது. சேலை செத்தவளின் நினைவு என்று எனக்குத் தெரிந்தது. சவுரியைக் கண்டு அப்படித் தோன்றவில்லை. அசல் முடி, நம் ஊர் முடி, கீர்த்தி முடியோடு சேரும், சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றியது. அவ்வளவு புத்தி எனக்கு.

சிவப்பு நூலை வெட்டி மூன்று காலையும் பிரித்தேன். பிளீச் கலந்து பூசி, நெகிழித் தாளில் சுற்றி, குளியலறைத் தொட்டியில் வைத்தேன். அரை மணி கழித்துப் பார்த்தால் ஒரே மாதிரி வெளுக்கவில்லை. ஊடே ஊடே நரைமுடி இருந்திருக்கிறது. அது சட்டென்று வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. மற்றது பிடிவாதமாகக் கறுத்தே நின்று, இரண்டாவது தடவை பூசின பிறகு காவியாக மாறியது. ஒரு இடத்தில் முடி மிக மெல்லிசாக, பட்டு நூல் போல் இருந்தது. அக்காவுக்கு ஏது இவ்வளவு மெல்லிய முடி என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி. செம்புச் சாயத்தைக் கலந்து பூசி, தொட்டியிலேயே அலசினேன்.

காய்ந்ததும் பார்த்தேன். நரைத்திருந்த முடியெல்லாம் புளி போட்டு விளக்கின செம்புக் குடமாகப் பளபளத்தது. மற்றது துரு நிறத்தில் மங்கலாக இருந்தது. இரண்டும் கலந்து கடையில் பார்த்ததைவிட நன்றாக இருப்பதாகவே எனக்குப் பட்டது. உட்கார்ந்து ஐந்து கொத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கிளிப் வைத்துத் தைத்தேன். பரிசுத் தாளில் சுற்றி மேஜை மேல் வைத்தேன். உளுந்து ஊறப் போட்டு அரைத்து வடை சுட்டு வைத்தேன். கல்யாண வீட்டுக்காரி மாதிரி வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

5

நாலு மணிக்குக் கீர்த்தி வந்தாள். பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிரித்தாள்.

"என்னம்மா இது?"

"கிளிப் முடி. நீ கேட்டேல்ல. தொட்டுப் பாரு, நெசமான முடி."

தொட்டுப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு மேஜை ஓரத்தில் நான் எடுக்க மறந்திருந்த சிவப்பு நூல் துண்டுகளைப் பார்த்தாள்.

"எங்க எடுத்தீங்க?"

"ஒன் பெட்டியிலதான். பெரியம்மா சவுரி சும்மாதானே கெடந்துச்சு. வீட்டுல முடிய வச்சுக்கிட்டு கடைகடையா ஏறி எறங்குனோமே, நம்மளச் சொல்லணும்" என்று சிரித்தேன்.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இது பெரியம்மா சவுரி இல்லம்மா. எனக்குக் கட்டுனது."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள், குரலை உயர்த்தாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "சின்னப் புள்ளையில இருந்து எனக்குத் தலை சீவும்போது வர்ற முடிய பெரியம்மா சந்துல வைக்க மாட்டாங்க. தனியா ஒரு பிஸ்கட் டப்பால போட்டு வைப்பாங்க. நான் இங்க வந்தப்புறம் போடிக்குக் கொண்டு போயிருக்காங்க. முடி பத்தாதுன்னு சொல்லிட்டாங்களாம். அதான் அவங்க முடியையும் சேத்துக் கட்டச் சொன்னாங்க. சடங்குக்கு நான் இததான் வைக்கணும்னு போன்ல சொன்னாங்க."

"எந்தச் சடங்குக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது.

கீர்த்தி வயதுக்கு வந்தது இங்கே வந்து இரண்டாவது வருஷம். நான் காலை வேலையில் இருந்தேன். மத்தியானம் அக்கா போன் செய்து, "ஏட்டி மாரி, ஒம் மவ சமஞ்சுட்டா, ஒனக்குத் தெரியுமா?" என்றாள். என் வீட்டில், என் குளியலறையில் நடந்தது எனக்குச் சின்னக்கானலிலிருந்து தெரிய வேண்டியிருந்தது. அக்கா உடனே, ஊருக்குக் கூட்டிக்கொண்டு வா, தண்ணி ஊத்தி, சடை வச்சு, நாலு பேருக்குச் சோறு போடுவோம் என்று ஆரம்பித்தாள். இங்க லீவு கெடைக்காதுக்கா, பாப்போம் என்றேன். அடுத்த வருஷமும் பாப்போம் என்றேன். அதற்கடுத்த வருஷம் அக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

கீர்த்தி ஒரு கொத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

"பளபளன்னு இருக்கதெல்லாம் பெரியம்மா" என்றாள். "மங்கலா இருக்கது நான். முன்னாடி ரெண்டும் ஒண்ணாதான் இருந்துச்சு."

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"பரவாயில்லம்மா" என்றாள் அவள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்."

வடையில் ஒன்று எடுத்துச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். ஐந்து கொத்தையும் அந்தப் பரிசுத் தாளிலேயே சுற்றிக்கொண்டு மாடிக்குப் போனாள். அவள் கத்தியிருக்கலாம், அந்தத் தட்டைத் தூக்கி என் மேல் எறிந்திருக்கலாம். நான் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

6

அன்றிலிருந்து வேலையில் கை ஓடவில்லை. நான் பார்த்துக்கொள்கிற ஒரு கிழவிக்குத் தலை சீவிவிடுவது என் தினப்படி வேலைகளில் ஒன்று. தொண்ணூறு தாண்டியவர், பஞ்சு மாதிரி நாலு முடி. என்னைத் தன் மகள் என்று நினைத்துக்கொண்டு பேசுவார், நானும் ஆமாம் ஆமாம் என்பேன். வியாழக்கிழமை சீப்பில் வந்த முடியைக் குப்பையில் போடப் போனவள், போட முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யார் யார் தலையையோ சீவிவிட்டுச் சம்பளம் வாங்கி என் மகள் தலையைச் சீவ அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன். இதை இத்தனை வருஷம் நான் ஒரு நாளும் இப்படி யோசித்ததில்லை.

யோசித்தால் ஒரு காகிதத்தில் வந்து நிற்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கீர்த்தியை இங்கே அழைக்க மனு போட்டபோது ஒரு விதி சொன்னார்கள். பிள்ளையின் முழுப் பொறுப்பும் இங்கே இருக்கும் தாயுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். பிள்ளை யார் வீட்டில் வளர்கிறதோ அவருக்கு அதன் வளர்ப்பில் பங்கு உண்டு என்று தெரிந்தால் விசா தருவது கஷ்டம். அதனால் அக்கா ஒரு சத்தியக் கடுதாசி கொடுக்க வேண்டும் என்று இங்குள்ள வக்கீல் எழுதி அனுப்பினார். நான் லீவு போட்டு ஊருக்குப் போனேன். அக்காவையும் கீர்த்தியையும் மூணாறில் நோட்டரி வக்கீல் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கீர்த்தி பெஞ்சில் உட்கார்ந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தாள்.

குமாஸ்தா ஆங்கிலத்தில் இருந்ததை மலையாளமும் தமிழுமாக வாசித்துக் காட்டினார். பிள்ளையின் படிப்பு, மருத்துவம், வளர்ப்பு எல்லாவற்றிலும் முடிவெடுத்தவள் தாய் மட்டுமே. பேச்சியம்மாளாகிய எனக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை. தங்க இடமும் உணவும் கொடுத்தது தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை. இவ்வளவுதான் சாரம். அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"காச்சல்ல தூக்கிக்கிட்டு ராஜகுமாரி ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடுனேனே, அது எதுல வரும்?" என்று குமாஸ்தாவிடம் கேட்டாள்.

"அதொந்நும் இதில் வரில்ல சேச்சி. இவிடெ ஒப்பிட்டா மதி." அதெல்லாம் இதில் வராது, இங்கே கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்.

"அக்கா, இது சும்மா பேப்பருக்குத்தான். போடு" என்றேன் நான். எனக்கு அவசரம். மறுவாரம் திரும்ப வேண்டும்.

ஒப்புப் போட்டாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எழுத்து எழுத்தாகத்தான் வரும். பேச்சியம்மாள் என்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் கீர்த்தி அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். சூரியநெல்லி திரும்புகிற இடத்தில் அக்கா கேட்டாள்.

"ஏட்டி, அந்தப் பேப்பர் அங்க போய்ச் சேந்தப்புறம் கிழிச்சிருவாங்களா, வச்சிருப்பாங்களா?"

"வச்சிருப்பாங்கக்கா. கவர்மெண்ட் பேப்பருல்லா."

"வச்சிருப்பாங்க, என்ன" என்றாள். மூன்று மாதத்தில் விசா வந்தது.

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு கீர்த்தி கையில் சீப்பும் அந்தக் கொத்துகளுமாக வந்து என் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"வச்சு விடுங்கம்மா. பாப்போம்."

"வேண்டாம் கீர்த்தி."

"கலர் எப்படி இருக்கும்னு பாக்கணும்ல. அதுக்குத்தானே செஞ்சீங்க."

அவள் முடியை அவிழ்த்தேன். பதினோரு வயதில் இங்கே வந்தபோதே தனக்குத்தானே சடை பின்னிக்கொள்ளும் பெண்ணாக வந்தாள். அதற்குப் பிறகு நான் அவளுக்குத் தலை சீவியதில்லை. வகிடு எடுக்கப் போனவள் சீப்போடு தயங்கினேன்.

"எந்தப் பக்கம் எடுப்பே?" என்று கேட்டேன்.

"எடது பக்கம்" என்றாள். பிறகு, "பெரியம்மாவும் எடது பக்கந்தான் எடுப்பாங்க" என்றாள்.

ஐந்து கொத்தையும் ஒவ்வொன்றாக மாட்டினேன். நன்றாகச் சேர்ந்தது. அவள் முடிதானே, சேராமல் எங்கே போகும். தோளுக்குப் பின்னால் கறுப்பின் நடுவே செம்பும் துருவுமாக இறங்கியது. அவள் கைபேசியைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு நல்லா இல்ல, இல்லம்மா?"

"நல்லாத்தான் இருக்கு."

"இல்ல. நான் கலர் பண்ணல. கறுப்பாவே இருந்துட்டுப் போறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. முதுகை என் முழங்காலில் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியாததால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நாலு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"கீர்த்தி, மூணாறுல பெரியம்மா ஒப்புப் போட்டாள்ல, அந்தப் பேப்பர் பொய். அதுல எழுதுனது அத்தனையும் பொய். ஒன்ன வளத்தது அவதான். நான் இல்ல."

"தெரியும்" என்றாள்.

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுகிற சத்தம் கேட்டது. அவள் ஒரு கொத்தை முன்னால் இழுத்துப் போட்டு நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இத பெரியம்மாகிட்ட சொன்னீங்களா?"

அந்தக் கடுதாசிக்குப் பிறகு அக்கா ஐந்து வருஷம் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசியிருக்கிறேன். மழை, ஆனை, அவள் சர்க்கரை, கீர்த்தியின் மார்க்கு என்று ஒரு மணி நேரம்கூடப் பேசியிருக்கிறேன். எந்த ஞாயிற்றுக்கிழமையும் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் ஆகாது.

"இல்ல" என்றேன்.

கீர்த்தி தலையை ஆட்டிக்கொண்டாள். முதுகை நகர்த்தி நேராக உட்கார்ந்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தானே கழற்றினாள். என் மடியை ஏந்தினேன். அவள் அவற்றை அதில் வைக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து மாடிக்குப் போனாள்.